ஆட்டுக்குட்டி தட்டாத கதவு

என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். பேரப்பிள்ளைக்கென்று பொம்மைப் படத்தைப் போட்டுவிட்டு, அந்தப் பிள்ளை பாதியில் எழுந்து விளையாடப் போன பிறகும் போனை அணைக்காமல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்ததில்லையா? யாராவது உள்ளே வந்தால், "இப்ப வந்துருவான், அதான் வச்சிருக்கேன்" என்று சமாளித்ததில்லையா? ஹட்டனில் என் மகன் வீட்டில் இது வாராவாரம் நடக்கும் கூத்து. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போவாள். "அம்மா, படம் அவனுக்கா ஒங்களுக்கா?" என்று மகன் கேட்பான். முன்பெல்லாம் கூச்சப்படுவேன். இப்போது, "எனக்குத்தான், அதுக்கு என்னா இப்ப?" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஐம்பதைத் தாண்டினவர்கள் பக்திப் படமும் குடும்ப நாடகமும்தான் பார்க்கவேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியவில்லை. அதிலும் எனக்குக் கையால் வரைந்த பழைய படங்கள்தான் ருசி. இப்போது வருகிற படங்களில் கரடியின் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக அசைகிறது, பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் பழைய படத்தில் கரடி ஓடினால் பின்னால் ஒரே மரம் திரும்பத் திரும்ப வரும் பாருங்கள், அதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு மழைக்காலத்தில், எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். அதைச் சொன்னால் என் அத்தையைச் சொல்லாமல் முடியாது. அத்தைக்கு அப்போது நடந்தது அநியாயம். அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு இவ்வளவு வயதாகியிருக்கிறது.

நானுஓயா ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறிப்போகும் தோட்டம் எங்களுடையது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். ஆனியில் பிடித்த மழை விடுவதாக இல்லை. துவைத்த துணி காயாது, விறகு பற்றாது, சுவரில் சாய்ந்தால் முதுகு ஈரமாகும். போதாக்குறைக்குக் காற்று. ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் கூரைத் தகரம் கிளம்பிப் போய்க் கீழ்மலைத் தேயிலைக்குள் விழுந்தது. மாஸ்டர் குடையோடு வந்து பார்த்துவிட்டு, அப்படியே ஊருக்கு ரயில் ஏறிவிட்டார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் தனியே விட்டால் எதையாவது கொளுத்திவிடுவோம் என்று பயந்து, அம்மாமார் எங்களையும் பிள்ளைக்காம்பராவுக்கே அனுப்பினார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. நீளமான ஒரே அறை. உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். நடுவில் கரி அடுப்பு. பொங்கி வழிந்த பால், அடுப்புச் சூட்டில் காயும் மூத்திரத் துணி, ஈரக் கம்பளி, இந்த மூன்று வாடையும் சேர்ந்து எங்காவது அடித்தால் இன்றைக்கும் நான் நடுத்தெருவில் நின்றுவிடுவேன். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆயம்மா இருந்தாள். முற்பகலில் தாய்மார் பால் கொடுக்க வந்து அரை மணி நேரம் இருப்பார்கள். அதற்குமேல் தாமதித்தால் கங்காணி வாசலில் நின்று, "அரைப்பேருதான் விழும், சொல்லிப்புட்டேன்" என்று சத்தம் போடுவார். அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம்.

அந்த மழைக்குள்தான் டிவியும் டெக்கும் வந்தன. வெளிநாட்டுக்காரர்கள் யாரோ தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று கொடுத்ததாம். ஜீப்பிலிருந்து டாக்டரையாவே பொத்திப் பொத்தி இறக்கினார். தோட்டத்து மருந்துக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவரை நாங்கள் டாக்டரையா என்போம். டாக்டருக்குப் படித்தவரா என்று யாரும் கேட்டதில்லை. லயங்களில் அப்போது கரண்ட் கிடையாது. பிள்ளைக்காம்பரா தேயிலை பெக்டரிக்கு அடுத்து இருந்ததால் அதற்கு மட்டும் ஒரு கம்பி இழுத்திருந்தார்கள். டிவிக்குக் கதவு வைத்த ஒரு மரப்பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டின் சாவி ஆயம்மாவின் முந்தானை முடிச்சில். கூட வந்தது ஒரே ஒரு கேசட்.

அரை மணிக்குமேல் ஓடினால் பெட்டி சூடேறிவிடும் என்று டாக்டரையா சொல்லியிருந்தார். அதனால் தாய்மார் வருகிற அந்த அரை மணி நேரம் மட்டும் படம் ஓடும். அடுத்தவன் அம்மா வந்து தன் அம்மா வராத பிள்ளைகள் அழாமல் இருக்கவும் அது உதவியது. ஒவ்வொரு நாளும் கேசட்டை முதலிலிருந்துதான் போடவேண்டும், நடுவிலிருந்து போட்டால் நாடா அறுந்துவிடும் என்பது ஆயம்மா தானாகச் சேர்த்துக்கொண்ட சட்டம். அவளைக் குறை சொல்லமாட்டேன். ஓசிக்கு வந்த சாமான் தன் கையில் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற பயம் அவளுக்கு. ஆக, அந்த மழைக்காலம் முழுக்க நாங்கள் பார்த்தது ஒரே படத்தின் ஒரே அரை மணி நேரம்.

எந்த நாட்டுப் படமோ தெரியாது. பேச்சு மிகக் குறைவு. இருந்த நாலு வார்த்தையும் புரியாத பாஷை. ஒரு மலையூரில் சூரியன் எழும்புவதை நிறுத்திவிடுகிறது. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறது. சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆட்டுக்குட்டி மட்டும், சூரியனை எழுப்ப மலையேறிப் புறப்படுகிறது. வழியில் ஒரு குண்டுக் காகம் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, தண்ணீரில் முகம் பார்த்து, கழுத்தை அப்படியும் இப்படியும் சாய்த்து அழகு பார்க்கும். ஆட்டுக்குட்டி போராடித் தொப்பியை வாங்கும், ஆற்றில் விழும், எழும்பும். கடைசியில் மேகத்துக்குள் ஒரு மஞ்சள் கதவு தெரியும். இடுக்கெல்லாம் வெளிச்சம் ஒழுகும். ஆட்டுக்குட்டி மூச்சு வாங்க நின்று, கதவைத் தட்ட முன்னங்காலைத் தூக்கும். அந்த இடத்தில் கங்காணி வெளியே சத்தம் போடுவார், ஆயம்மா டப்பென்று அணைத்துவிடுவாள்.

வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்காத பிள்ளைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் என்ன என்று எங்களுக்குள் அடிதடி. சூரியன் காய்ச்சலில் படுத்திருக்கிறது என்று ஒருவன் சொன்னான். சூரியனைத் தொரை பங்களாவில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்றாள் ஒருத்தி. நான் ஆயம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். "அடுப்புல போட்டுருவேன் எல்லாத்தையும்" என்று பதில் வந்தது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்தில் கை வேகம். அவள் சிரித்தால் அடுத்த மலையில் பறிக்கிற ஆள் நிமிர்ந்து பார்ப்பாள். பிள்ளை இல்லை. லயத்துக்காரர்களுக்கு அவளுடைய கையும் சிரிப்பும் கணக்கில் வராது, இந்தக் கடைசி விஷயம் மட்டும் வரும்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பின்புறம் கொழுந்து நிறுக்கும் மடுவம் இருந்தது. பறித்த கொழுந்தை நிறுக்கப் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். அத்தை ஒரு நாள் கூடையை வரிசையில் வைத்துவிட்டு, மழைக்கு ஒதுங்குவது போலப் பின் ஜன்னலுக்கு வந்தாள். அந்த ஜன்னலில் கண்ணாடி உடைந்து, வெறும் கம்பிகள்தான் இருந்தன. தலையில் கம்பளி, கம்பளி நுனியில் சொட்டும் தண்ணீர், நடுவில் அத்தையின் முகம். காகம் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். டிவிப் பெட்டி இருந்தது எதிர்ச் சுவரில். ஜன்னலுக்கும் பெட்டிக்கும் நடுவே தொட்டில்கள். ஜன்னலுக்குப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்தவன் என் கைக்குழந்தைத் தம்பி. பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் திரும்பிப் பார்த்தால் அத்தையின் கண் எங்கே இருக்கிறது என்று தெரியும். சுவரோரம் உட்கார்ந்து பால் கொடுத்த பெண்களுக்குத் தெரிந்தது வேறு. பிள்ளையில்லாத ஒருத்தி தினம் தினம் ஜன்னலில் நின்று தொட்டில்களையே பார்க்கிறாள்.

முதலில் இரக்கப்பட்டார்கள். ஒருத்தி எழுந்து போய், "வெளிய எதுக்குக்கா நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்து வந்து உட்காரவைத்தாள். அத்தையின் முகம் பூரித்துவிட்டது. நல்ல இடம், பெட்டிக்கு நேரே. அடுத்த நிமிடம் அவள் மடியில் யாரோ குழந்தையை வைத்தார்கள். அது பாட்டுக்கு அத்தையின் மூக்கைப் பிடித்து இழுக்கிறது, அத்தை அதன் தலைக்குமேல் கழுத்தை நீட்டி நீட்டிப் படத்தைப் பார்க்கிறாள். ஆட்டுக்குட்டி ஆற்றில் விழுந்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்கள் அதைப் பார்த்தார்கள். "பாவம்டி, புள்ளையத் தூக்குனதும் தாங்க முடியல" என்று ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அத்தை சட்டென்று எழுந்து குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அப்புறம் எத்தனை பேர் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. மழையில் நனைந்தாலும் ஜன்னல்தான் நல்லது என்று நினைத்திருக்கவேண்டும்.

இரக்கம் பயமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? என் அம்மாவுக்குத்தான் முதலில் மாறியது. தம்பியின் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டு நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு நாள் கொழுந்து மடுவத்தில், நான் பக்கத்தில் நிற்கும்போதே அம்மா கேட்டுவிட்டாள்.

"ஏன் அண்ணி, தெனமும் அந்த ஜன்னல்ல என்னா பாக்குறீங்க?"

"படந்தான் புள்ள" என்றாள் அத்தை. "அந்தக் காக்கா தொப்பி போட்டுக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடுது பாரு, எனக்கு மலையில நின்னாலும் அதான் நெனப்பு."

"பொம்மப் படமா பாக்குறீங்க?"

"ஆமா."

அம்மா வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். கழுதை வயதான பொம்பளை பொம்மைப் படம் பார்க்க மழையில் நிற்கிறாளாம், காதில் பூ சுற்றுகிறாள் என்று. "நெசந்தாம்மா, அத்தை டிவியத்தான் பாக்குறாங்க" என்று நான் சொன்னேன். "நீ வாய மூடு" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் சாட்சியை எந்த லயத்தில் எடுத்துக்கொள்வார்கள்?

பிறகு அது நடந்தது. அன்றைக்கு ஆயம்மா தம்பியின் தொட்டிலைக் கொஞ்சம் இறக்கிக் கட்டியிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் பெட்டியை அது சரியாக மறைத்தது. ஆட்டுக்குட்டி மேகத்துக்குள் ஏறுகிற இடம். அத்தை கம்பிக்குள் கையை விட்டு, விரல் நுனியால் தொட்டிலை ஓரமாகத் தள்ளினாள். அன்றைக்கு மடுவத்தில் நிறுவை பிந்தியதால், அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா தம்பிக்குப் பால் கொடுக்க உள்ளே வந்தாள். அவள் கண்டது ஜன்னலுக்குள் நீண்ட ஒரு கையும், ஆடுகிற தொட்டிலும்தான்.

அம்மா போட்ட கூச்சலில் எல்லாக் குழந்தைகளும் ஒன்றாக அழுதன. "மறைச்சுச்சு புள்ள, அதான் தள்ளுனேன்" என்று அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். அழுகைச் சத்தத்தில் அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் தம்பிக்குக் காய்ச்சல். அந்த வாரம் பிள்ளைக்காம்பராவில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அத்தையின் கை படாத தொட்டில்களும் அதில் சேர்த்தி. டாக்டரையா, மழைக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் ஒரே போத்தலிலிருந்து மருந்து ஊற்றினார். அம்மா காதில் வாங்கவில்லை. மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

அடுத்த நாள் ஆயம்மா பின் ஜன்னலுக்குச் சாக்கை வைத்து ஆணி அடித்தாள். காகம் தொப்பியைப் பிடுங்கியபோது நான் திரும்பிப் பார்த்தேன். பழுப்புச் சாக்குதான் இருந்தது. எனக்குப் படம் சப்பென்று ஆகிவிட்டது. சேர்ந்து சிரிக்க ஆள் இல்லாவிட்டால் காகம் வெறும் காகம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அத்தையின் ஏக்கம் முற்றிவிட்டது, ஆடிப் பூசையில் முனியாண்டிக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டால் வயிறு திறக்கும் என்று முடிவானது. அத்தையின் புருஷன், என் மாமா, கந்தப்பளைப் பக்கம் போய் ஒரு கிடாய்க்குட்டியைப் பிடித்து வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் எல்லோரும் ஒன்றைச் சொன்னால் தானும் அதையே சொல்வார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அத்தை அந்தக் குட்டியை லயத்துக் கோடியில் கட்டி வளர்த்தாள். பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து அதன் கொம்புக்கு நடுவே ஒரு கட்டுக் கட்டினாள். சாமிக்கு நேர்ந்ததற்கு அடையாளம் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கு மட்டும்தான் அது என்ன தொப்பி என்று தெரியும். நாங்கள் ஆளுக்கொரு கை புல் கொண்டுபோய்ப் போடுவோம். அத்தை காகம் மாதிரிக் கழுத்தைச் சாய்த்து அதனோடு பேசுவாள்.

பூசைக்கு முதல் நாள் காலையில் அத்தை வேலைக்குப் போகவில்லை. "வா மருமவளே, இத மேய்ச்சுட்டு வருவோம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு உச்சி மலைக்கு ஏறினாள். மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்று கயிற்றை அவிழ்த்தாள்.

"போடா. போயி எழுப்பு" என்றாள்.

அது நின்ற இடத்திலேயே புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் ஒரு தட்டு. அப்புறம் ஒரு துள்ளுத் துள்ளி மூடுபனிக்குள் போனது. சிவப்புத் துணி கொஞ்ச நேரம் தெரிந்தது.

"சாமி கோவிச்சுக்காதா அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்குப் புள்ள வேணும்னா நா சாமிகிட்ட கேட்டுக்குவேன். நா படம் பாத்ததுக்கு இது ஏன் சாகணும்?" என்றாள். கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது அழுதாளா, மழையா என்று எனக்குத் தெரியாது.

நம்பினால் நம்புங்கள், மறுநாள் காலையில் வெயில் அடித்தது. மலை முழுக்க ஆவி பறந்தது. லயத்துக் கூரைகளெல்லாம் பளபளத்தன. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "பாத்தியா, எழுப்பிருச்சு" என்றாள். அந்த வெயிலில்தான் கிடாய் இல்லாத பூசையும் நடந்தது. நேர்ந்துவிட்ட ஆட்டையே சாமி வேண்டாம் என்று விரட்டிவிட்டது, அவ்வளவு பாவம் செய்தவள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மாமா பொங்கல்வரை அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆடு சில நாளில் கண்டாக்கையா பங்களாவில் முட்டைக்கோஸ் போட்டிருந்த கோவாத் தோட்டத்தில் காணப்பட்டது. அது எங்கள் ஆடு என்று அந்தப் பெரிய உத்தியோகத்தரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. தின்ற கோவாவுக்கு யார் பதில் சொல்வது? அங்கேயே கிடந்து கொழுத்து, கிழடாகித்தான் அது செத்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டார்கள். ஈரத்தில் கேசட்டுக்குள் பூஞ்சணம் பிடித்து, டெக் ஒரு நாள் நாடாவை மென்று துப்பியது. கதவுக்குப் பின்னால் என்ன என்று எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாமலே படம் போய்விட்டது. கேசட்டின் அட்டை உறையை ஆயம்மா குப்பையில் போட்டாள். சிவப்புத் தொப்பி ஆட்டுக்குட்டி படம் போட்ட அந்த உறை எப்படியோ அத்தையின் காம்பராவுக்குப் போய், சுவரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு கதை கட்டினார்கள்.

அதற்குப் பிறகு அம்மாவும் அத்தையும் பேசாமல் இருக்கவில்லை. கலியாணம், சாவு, பொங்கல் எல்லாவற்றிலும் பேசினார்கள். ஆனால் அம்மா என் தம்பியை அத்தையின் கையில் ஒரு நாளும் கொடுக்கவில்லை. அவன் நடந்து, ஓடி, மீசை முளைக்கும்வரை அத்தை அவனைத் தூக்கியதே இல்லை. அத்தையும் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அம்மாமேல் மட்டும் கோபப்பட்டு என்ன பயன்? வளர்ந்த ஒருத்தி ஒரு காகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆசைப்படுவாள் என்பதை நம்ப அங்கே யாருக்கும் மனம் வரவில்லை. துக்கம் என்றால் உடனே நம்பினார்கள்.

இந்த வருடம் என் மகனிடம் அந்தப் படத்தைச் சொல்லி, தேடிக் கொடுடா என்றேன். சிவப்புத் தொப்பி, ஆட்டுக்குட்டி, சூரியன் என்று இங்கிலீசில் என்னென்னவோ தட்டினான். பல நாள் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இதுவா பாருங்கம்மா" என்று போனை நீட்டினான். கலர் மங்கி, கோடு கோடாக ஓடியது. காகம் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பேரன் பயந்துவிட்டான். மஞ்சள் கதவு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். "இன்னும் இருக்கே, பாருங்க" என்றான் மகன். அத்தை இல்லாமல் அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. படத்தைப் போனிலேயே இறக்கித் தரச் சொன்னேன்.

அடுத்த கிழமை நானுஓயாவில் இறங்கினேன். தம்பி ஆட்டோவோடு வந்து நின்றான். கறுப்புப் பொட்டு வைத்துக் காப்பாற்றிய பிள்ளை, இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டான். அம்மா அவனோடு தோட்டத்துப் புது வீட்டில் இருக்கிறாள். அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்றதும், "தனியா ஒக்காந்து என்னா செய்யப் போறேன், நானும் வர்றேன்" என்று அவளும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ஏன் வருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. அத்தை அதே காம்பராவில் இருக்கிறாள். கண்ணில் ஆப்பரேஷன் செய்து தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். சுவரில் முருகன் இருந்தார், லட்சுமி இருந்தாள். நடுவில் அட்டை உறை இருந்த இடத்தில் ஒரு சதுரம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் போனைத் தலையணையில் சாய்த்துவைத்து, "படம் பாப்பமா அத்தை?" என்றேன்.

"என்னா படம்? சாமிப் படமா?"

நான் படத்தை ஓடவிட்டேன். பனி மூடிய ஊர், சுருண்டு கிடக்கும் சனங்கள். அத்தை சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் தொப்பி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். காகம் வந்தது. தொப்பியைப் பிடுங்கியது. கழுத்தை அந்தப் பக்கம் சாய்த்தது.

அத்தை சிரித்தாள். பல் போன வாயைப் பொத்தாமல், உடம்பெல்லாம் குலுங்க, அடுத்த மலைக்குக் கேட்கிற அதே சிரிப்பு. பக்கத்துக் காம்பராப் பெண் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அன்று தொட்டிலில் கிடந்த தம்பி கதவடியில் சாய்ந்து நின்று தானும் சிரித்தான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் போனைப் பார்க்கவே இல்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டுக்குட்டி ஆற்றில் விழுந்தபோது அத்தையின் கண் கலங்கியதையும் பார்த்தாள். ஆட்டுக்குட்டி எழும்பி மேகத்துக்குள் ஏறியது. மஞ்சள் கதவு தெரிந்தது. ஒழுகுகிற வெளிச்சம் தெரிந்தது. அம்மா இருந்த இடத்திலிருந்து நகர்ந்து வந்து அத்தையின் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அப்ப நெசமாவே படந்தான் பாத்தீங்களா?"

ஆட்டுக்குட்டி மூச்சு வாங்க நின்று முன்னங்காலைத் தூக்கியது.

"அதத்தானே புள்ள அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அத்தை, அம்மாவின் தோளை விரல் நுனியால் மெல்ல ஒதுக்கிக்கொண்டே. "தள்ளி ஒக்காரு, மறைக்குது."